பதினாறாம் நாளுக்குப் பிறகு

துக்க வீட்டில் முதல் பதினாறு நாள் யாரும் தனியாக இருப்பதில்லை. பந்தல், வாடகை நாற்காலி, சம்பந்தி வீட்டுச் சாப்பாடு, கருமாதிக்கு ஆள் சொல்லுவது என்று ஏதாவது ஒரு வேலை நடந்துகொண்டே இருக்கும். நாற்பது, ஐம்பது வருடம் கூட வாழ்ந்த துணையை இழந்தவர் அந்தக் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்திருப்பார். கட்டிக்கொண்டு அழ ஆள் இருக்கும், "ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்று சொல்லவும் ஆள் இருக்கும். பதினேழாம் நாள் நாற்காலி வண்டி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். மகனுக்கு லீவு முடிந்துவிடும், மகளுக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். இழப்பு என்றால் என்ன என்று அவருக்கு அதன் பிறகுதான் தெரிய ஆரம்பிக்கும். இறந்தவருக்குச் செய்ய வேண்டியதை நாள் கணக்கோடு சொல்லிவைத்திருக்கும் நம் வழக்கம், இருப்பவருக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவைக்கவில்லை. அதைக் குடும்பங்களே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இது சிலருடைய கதை மட்டும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கணவரை இழந்த பெண்கள் சுமார் 4.3 கோடி, மனைவியை இழந்த ஆண்கள் சுமார் 1.2 கோடி. பெண்கள் தங்களைவிட வயதில் மூத்தவரை மணக்கிறார்கள், ஆண்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள், மறுமணமும் ஆண்களுக்கே எளிதாக நடக்கிறது. இந்த வித்தியாசம் அப்படித்தான் வருகிறது.

வயதானவரின் துக்கத்துக்கு இன்னொரு சுமையும் உண்டு. அந்தத் துக்கத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எழுபத்தெட்டு வயதில் போனால் "கல்யாணச் சாவு" என்பார்கள். மனைவி முந்திக்கொண்டால் "புண்ணியவதி, பூவும் பொட்டுமாப் போயிட்டா" என்பார்கள். சொல்பவர்கள் ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். கேட்பவருக்கோ, அழுவதற்கே உரிமை இல்லாததுபோல ஆகிவிடுகிறது. இளம் வயதில் துணையை இழந்தவருக்கு ஊரே இரங்குகிறது. வாழ்நாளின் பெரும்பகுதியை ஒருவரோடு கழித்தவர் இழந்திருப்பது அதைவிடக் குறைந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

முதல் சில மாதங்களில் உடலும் மனமும் பலவிதமாக நடந்துகொள்ளும். தூக்கம் வராது. நாக்கில் ருசி இருக்காது. சாவியை எங்கே வைத்தோம், அடுப்பை அணைத்தோமா என்பதெல்லாம் மறக்கும். காரணமில்லாமல் கோபம் வரும், பெரும்பாலும் பாசமுள்ள பிள்ளைகள் மீதே. "அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா பொழைச்சிருப்பாரே" என்ற எண்ணம் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து உட்காரும்.

போனவரின் குரல் கேட்பதும், அவர் பக்கத்து அறையில் நடமாடுவதுபோல் தோன்றுவதும் பலருக்கு உண்டு. வெளியே சொல்லப் பயந்துகொண்டு மனதுக்குள்ளேயே வைத்திருப்பார்கள். சொன்னால், ஒரு வீட்டில் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள், இன்னொரு வீட்டில் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கலங்குவார்கள். இரண்டுமே தேவையில்லை. டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரிடம் பேசி, 1971-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படிப்பட்ட அனுபவம் இருந்தது. பலருக்கு அது பயம் தரவில்லை, துணையாக இருந்தது. பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பல்லாண்டு காலம் சாயங்காலம் ஆறரைக்கு கேட் திறக்கும் சத்தத்தை எதிர்பார்த்துப் பழகிய மூளை, ஆள் போய்விட்டார் என்ற செய்தி வந்த உடனே பழக்கத்தை விட்டுவிடாது. அது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு நாளாகும்.

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு, ஒவ்வொன்றாகக் கடந்து கடைசியில் மனம் ஏற்றுக்கொள்ளும் என்று பலர் கேள்விப்பட்டிருக்கலாம். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதிய நூலிலிருந்து வந்தது அது. சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசி அவர் எழுதியது, துணையை இழந்தவர்களைப் பற்றி அல்ல. பிற்பாடு அது எல்லாத் துக்கத்துக்கும் அட்டவணையாகிவிட்டது. "மூணு மாசம் ஆச்சே, இன்னும் தேறலையே" என்று யாரும் தன்னைத் தானே குறைசொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

எனக்கு இதைவிடப் பொருத்தமாகத் தெரிவது, மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இருவர் நெதர்லாந்தில் இருந்து 1999-ல் சொன்னது. துணையை இழந்தவருக்கு இரண்டு வேலை இருக்கிறது என்கிறார்கள். ஒன்று, போனவரை நினைத்து அழுவது. மற்றது, போனவர் செய்துவந்ததைத் தானே செய்யக் கற்றுக்கொண்டு புதிய நாட்களை நடத்துவது. மனம் இந்த இரண்டுக்கும் இடையே போய்வந்துகொண்டே இருக்கும். காலையில் பேங்குக்குப் போய் ஒரு படிவத்தைச் சரியாக நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர், மத்தியானம் பீரோவைத் திறந்ததும் உட்கார்ந்து அழலாம். அது பின்னடைவு இல்லை, துக்கம் நடக்கும் முறையே அதுதான். எந்நேரமும் அழுதுகொண்டிருப்பவருக்கும் சிரமம், அழவே நேரம் வைத்துக்கொள்ளாமல் ஓடிக்கொண்டிருப்பவருக்கும் சிரமம்.

அழாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் வயதான தம்பதிகளை, இருவரும் உயிரோடு இருந்தபோதே கணக்கெடுத்து, ஒருவர் இறந்த பிறகு பதினெட்டு மாதம் வரை தொடர்ந்து கவனித்தார்கள். ஜார்ஜ் பொனானோவும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2002-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் பெரிய மனச்சோர்வு எதுவும் இல்லாமலே நாட்களை நடத்தினார்கள். அவர்களுக்குப் பாசம் இல்லை என்பதற்கு எந்த அடையாளமும் கிடைக்கவில்லை. பத்தில் ஒருவர், துணை போன பிறகு முன்பைவிடத் தெளிவாக இருந்தார். வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்தவருக்கு மலஜலம் எடுத்தவரும், அடி உதை வாங்கிய மனைவியும் மனச்சுமை இறங்கியதை உணர்வது இயற்கை. அதற்காக அவர்களைக் குற்றவாளியாகப் பார்க்கக் கூடாது. "ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை பாரு" என்ற பேச்சைப் பெண்கள்மீதுதான் அதிகம் வீசுகிறோம்.

மாத்திரைப் பட்டையும் ஓடிபியும்

நீண்ட தாம்பத்தியத்தில் இருவரும் வேலைகளைப் பேசி வைத்துப் பிரித்துக்கொள்வதில்லை. தானாகவே பிரிந்துவிடுகின்றன. ஒருவர் போன பிறகுதான் அவர் என்னென்ன செய்துகொண்டிருந்தார் என்பது தெரியும். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: துணையை இழந்த முதியவரைப் பாதுகாக்க வேண்டுமானால், போனவர் அவருக்காகச் செய்துவந்த சின்னச் சின்ன வேலைகளைக் கண்டுபிடியுங்கள். ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, இதயத்துக்கு ஒன்று என்று மாத்திரை. மனைவி இருந்தவரை காலையில் தட்டில் இட்லியோடு ஒரு டப்பா மூடியில் மாத்திரைகள் வரும். எது எதற்கு என்று அவர் பார்த்ததே இல்லை. மனைவி போன இரண்டாம் மாதம் தலைசுற்றி விழுந்தார். மகன் ஊரிலிருந்து வந்து பார்த்தால், ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு பட்டையாக இருந்திருக்கிறது. சர்க்கரை மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டு, பிரஷர் மாத்திரையைத் தொடவே இல்லை. தினமும் போனில் "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று மகன் கேட்டிருக்கிறார். "போட்டேன்பா" என்று அப்பாவும் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

மனைவியை இழந்த ஆண்களின் உடல்நிலையை முதல் ஆறு மாதம் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும் என்பதற்குப் பழைய ஆதாரம் உண்டு. இங்கிலாந்தில் 55 வயதைக் கடந்த 4,486 ஆண்களை, மனைவி இறந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். அதே வயதில் மனைவியோடு வாழும் ஆண்களைவிட, முதல் ஆறு மாதத்தில் இவர்களிடையே இறப்பு 40 சதவீதம் அதிகமாக இருந்தது. பிறகு மெல்லக் குறைந்து மற்றவர்களின் அளவுக்கு வந்துவிட்டது. மிக அதிகமாகக் கூடியது இதய நோயால் வந்த இறப்பு. 1969-ல் வந்த இந்த ஆய்வை கொலின் மரே பார்க்ஸும் உடனிருந்தவர்களும் செய்தார்கள். துக்கம் இதயத்தை நேரடியாகவே தாக்கக்கூடும். கூடவே சாப்பாடு, தூக்கம், மருந்து எல்லாம் ஒரே நேரத்தில் கலைந்துபோகின்றன. ஆகவே துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்புவதற்கு முன், மாத்திரை எல்லாவற்றையும் மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டு, காலை, மதியம், இரவு என்று தடுப்பு உள்ள டப்பாவில் ஒரு வாரத்துக்குப் போட்டுக் காட்டிவிட்டுப் போகலாம். பிரஷர், சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோகும் கவலை இருந்தால், 2021 முதல் தமிழக அரசு நடத்தும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். பகுதி சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

இன்னொன்றும் நடக்கும். ஒருவருக்கு மறதி நோய் மெல்ல ஆரம்பித்திருந்தால், துணை அதை ஈடுகட்டிக்கொண்டு வந்திருப்பார். விருந்தாளி கேட்ட கேள்விக்குத் துணையே முந்திப் பதில் சொல்லியிருப்பார், தேதியையும் அவரே நினைவில் வைத்திருப்பார். அவர் போனதும் எல்லாம் வெளியே வரும். "அம்மா செத்த துக்கத்துல அப்பா இப்படி ஆயிட்டார்" என்று பிள்ளைகள் நினைப்பார்கள். துக்கத்தால் வரும் மறதி சில மாதங்களில் தணிய வேண்டும். தணியாமல், பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் நின்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெண்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் காகிதத்திலும் போனிலும் இருக்கும். கேஸ் புக்கிங், கரண்ட் பில், பேங்க் எல்லாம் கணவரின் எண்ணில். ஓடிபி அந்தப் போனுக்குத்தான் வரும். "இனி யாரு இதைப் பேசப் போறா" என்று ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுவார்கள். எண் போய்விட்டால் ஒவ்வொரு இடத்திலும் அலைச்சல். எல்லாவற்றையும் அம்மாவின் பெயருக்கும் எண்ணுக்கும் மாற்றி முடிக்கும்வரை அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள். இறந்தவரின் ஏடிஎம் கார்டை எடுத்துப் பணம் எடுப்பது மட்டும் வேண்டாம், அது சட்டச் சிக்கலில் விடும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்து, சான்றிதழில் பத்துப் பிரதியாவது எடுத்து வையுங்கள். வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், தாசில்தார் தருவார். ஆவணங்கள் சரியாக இருந்தால் பேங்க் 15 நாளில் பணத்தைத் தீர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் பேங்க் விதி. நாமினி என்று பெயர் இருப்பவர் பணத்தை வாங்கலாம், ஆனால் அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். வாரிசுகளின் பங்கு அப்படியே இருக்கும்.

கணவர் அரசு ஊழியராக இருந்தால் குடும்ப ஓய்வூதியம், பிஎஃப் பிடித்தம் இருந்த தனியார் வேலை என்றால் அந்த ஓய்வூதியத்தில் மனைவிக்கான பங்கு. ஆதரவற்ற விதவைகளுக்கும் முதியோருக்கும் தமிழக அரசு தரும் உதவித்தொகை 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால் தன் பெயரில் மாதாமாதம் வரும் பணம் ஒரு வீட்டில் அம்மாவின் குரலுக்குத் தரும் மதிப்பு பெரியது.

சொத்து விஷயத்தில் நான் கண்டிப்பாக ஒன்று சொல்வேன். முதல் வருடத்தில் எந்தப் பத்திரத்திலும் அவசரமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆண் ஒருவரின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவிக்கும், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும், தாய் இருந்தால் அவருக்கும் சம பங்கு என்கிறது 1956-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம். கருமாதி முடிந்த கையோடு "எல்லாம் ஒரே பேர்ல இருக்கட்டும்மா" என்று, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அப்படி எழுதிய தான செட்டில்மென்டை, பராமரிக்காவிட்டால் ரத்துசெய்யக் கோர 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு வழி தருகிறது. மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்கலாம்.

பூ, பொட்டு, விசேஷ வீடு

பெண்ணின் துக்கத்தில் நாமே சேர்த்துவைக்கும் பகுதி ஒன்று உண்டு. பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ, பத்துப் பெண்கள் சூழ நின்று வளையலை உடைத்து, பூவைப் பிய்த்து, பொட்டை அழிப்பது. கணவரை இழந்ததைவிட அந்த ஒரு மணி நேரம் மனதில் ரணமாக நிற்பதாகச் சொன்ன பெண்கள் உண்டு. பிறகு பேத்தி கல்யாணத்தில் ஓரமாக நிற்பது, வளைகாப்பில் கூப்பிடாமல் விடுவது. தனிமை ஒரு முதியவரை நோயாளியாக்கும் என்று தெரிந்துகொண்டே, நல்ல காரியங்களிலிருந்து அவரை நாமே விலக்கிவைக்கிறோம். ஈரோடு மாவட்டத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் விட மறுத்த வழக்கில், அப்படித் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்று 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மகாராஷ்டிராவின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹெர்வாட் என்ற ஊர், 2022 மே மாதம் கிராம சபையில் தீர்மானம் போட்டு இந்தச் சடங்குகளைக் கைவிட்டது. உங்கள் வீட்டுக்குத் தீர்மானம்கூட வேண்டாம். "எங்கம்மா அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கட்டும்" என்று மகனோ மகளோ அன்றைக்கு எழுந்து நின்று சொன்னால் போதும்.

அடுத்த கேள்வி, எங்கே இருப்பது. பிள்ளைகள் பாசத்தில் உடனே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பன்னிரண்டாவது மாடி பிளாட்டில் காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு, பாஷை தெரியாத ஊரில், பால்காரரோ பூக்காரம்மாவோகூடப் பேசக் கிடைக்காமல் உட்கார்ந்திருப்பது துணையோடு சேர்த்து ஊரையும் இழப்பது. மூன்று பிள்ளைகள் முறைவைத்து, நான்கு மாதத்துக்கு ஒரு வீடு என்று பெட்டியோடு மாற்றுவது அதைவிடக் கொடுமை. உடல் இடம்கொடுத்தால், ஒரு வருடமாவது சொந்த வீட்டிலேயே இருக்கட்டும். போய் ஒரு மாதம் தங்கிவிட்டு வரலாம். வீட்டை விற்கும் பேச்சு அதன் பிறகு. பீரோவில் இருக்கும் வேட்டியையும் சேலையையும் எடுத்துக் கொடுப்பதும் அவர் சொல்லும் நாளில்தான் நடக்க வேண்டும்.

உறவினரும் நண்பர்களும் செய்யக்கூடியது எளிது. பதினாறுக்கு முன் ஒருமுறை போனவர்கள், பின்னால் ஒருமுறை போங்கள். "எதுன்னாலும் கேளுங்க" என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். "வியாழக்கிழமை சாயங்காலம் வர்றேன், கண் டாக்டர்கிட்ட போய்ட்டு வருவோம்" என்று சொன்னால் மறுக்க மாட்டார்கள். போனவரின் பேச்சை எடுக்கத் தயங்காதீர்கள். "அத்தை வைக்கிற வத்தக்குழம்பு மாதிரி வராது மாமா" என்று சொன்னால் அவர் அழலாம். அழட்டும். அத்தையைப் பற்றிப் பேச அவர் ஆள் தேடிக்கொண்டிருந்திருப்பார். மனைவியை இழந்த ஆண்களுக்கு இது இன்னும் அவசியம். அவர்களுடைய சொந்தபந்தமெல்லாம் மனைவி போனில் பேசிப் பேசிக் காப்பாற்றி வைத்தது. அவர் போனதும் போன் மணி அடிப்பதே நின்றுவிடும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? ஆறு மாதத்தில் உடல் எடை கணிசமாக இறங்கினால், குளிக்க, உடை மாற்ற மனமில்லாமல் இருந்தால், ஆண்கள் பாட்டிலோடு நாளைத் தொடங்கினால், காத்திருக்க வேண்டாம். துக்கம் கொஞ்சமும் தணியாமல், அன்றாட வேலை எதையும் செய்ய விடாமல் நீண்டுகொண்டே போவதை நீடித்த துக்கக் கோளாறு என்று மருத்துவ உலகம் இப்போது தனியாக அங்கீகரித்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் என்றும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்றும் வரம்பு சொல்கின்றன. அதற்கென்றே பேச்சு சிகிச்சை இருக்கிறது. தூக்க மாத்திரையைத் தானாக வாங்கிப் போட வேண்டாம், வயதானவர்கள் இரவில் எழும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிய அது ஒரு முக்கியக் காரணம்.

"நானும் அவர்கூடவே போயிருக்கலாம்" என்று பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது பிரிவின் வலி. ஆனாலும் அதைக் கேட்டதும் பேச்சை மாற்றாதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, சொல்ல ஒரு வாசல் திறக்கும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், வீட்டில் பயிருக்கு அடிக்கும் மருந்து இருந்தால் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதியோருக்கான உதவி எண் 14567. சென்னை கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

இதைப் படிக்கும் தம்பதிகள் இருவரும் நலமாக இருந்தால், இந்த வாரமே ஒரு வேலை செய்யலாம். பேச்செடுத்தாலே "வாயில நல்ல வார்த்தை வராதா" என்று ஒருவர் கோபிப்பார், பரவாயில்லை. அடுத்த மாதப் பென்ஷனை எடுக்க மனைவி தனியாகப் பேங்குக்குப் போகட்டும். அந்த நேரத்தில் கணவர் குக்கரில் சோறு வைத்து ஒரு ரசம் வைக்கட்டும். தனித்தனிக் கணக்கு இருந்தால், இருவரில் யாரும் எடுக்கலாம், ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் தொடரலாம் என்ற வகைக் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் பாலிசி எண், பத்திரம் இருக்கும் இடம், யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறோம், இருவரின் மாத்திரைப் பெயர், போன் பூட்டின் எண் எல்லாவற்றையும் எழுதி, அது எங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளையிடமாவது சொல்லி வையுங்கள்.